வந்த காசு திரும்பிப் போகும் வழி

இப்போது பெண்களுக்கான தொழிற்பயிற்சி வகுப்பு எங்கே நடந்தாலும், கடைசி நாளில் 'இணையத்தில் விற்பனை' என்று ஒரு பாடம் இருக்கிறது. பொருளை அழகாகப் படம் எடுப்பது, விலை போடுவது, வாங்குபவரிடம் இருந்து அட்டை மூலம் காசு பெறுவது என எல்லாம் சொல்லித் தருகிறார்கள். நல்ல விடயம்தான். ஆனால் வாங்கிய காசைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தால் என்ன செய்வது, அதற்கு எவ்வளவு கழியும், அந்தக் கழிவு யாருடைய தலையில் விழும் என்பதை நான் போன வகுப்புகளில் யாரும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில் அதைப் பற்றித்தான் சகோதரிகளோடு பேச விரும்புகிறேன்.

கொட்டகலையில் நாங்கள் பதினான்கு பெண்கள் சேர்ந்து கம்பளி பின்னுகிறோம். தொப்பி, கழுத்துச் சால்வை, குழந்தைகளுக்கான காலுறை, கையில்லாத சட்டை ஆகியவை எங்கள் பொருட்கள். எங்களில் ஒன்பது பேர் தோட்டத்தில் பிறந்து தோட்டத்திலேயே வாழ்பவர்கள். ஐந்து பேர் வன்னியிலிருந்து திரும்பி வந்தவர்கள். 1977, 1983 வன்செயல்களின்போது மலையகத்தை விட்டு வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்களைப் பற்றி வாசகிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்கே காடு வெட்டி நிலம் திருத்தி, 2009 வரை எல்லாவற்றையும் கண்டு, கணவனையோ பிள்ளையையோ பறிகொடுத்து, உறவைத் தேடி மறுபடியும் மலையேறி வந்தவர்கள் இவர்கள். நான் அந்த ஐவரில் ஒருத்தி அல்ல. குழுவின் கணக்குக் கொப்பி என் கையில் இருப்பதால் இதை எழுதுகிறேன்.

2024ஆம் ஆண்டு நடுப்பகுதியில், எங்கள் பொருட்களை இணையத்தில் விற்பது என்று கூட்டத்தில் தீர்மானித்தோம். அதற்கு முன்பே, 2023இல் அஸ்வெசும கொடுப்பனவு வங்கிக் கணக்குக்கு வரத் தொடங்கியதால், எங்களில் கணக்கு இல்லாதவர்களும் கணக்குத் திறந்திருந்தார்கள். வணிகப் பெயரைப் பிரதேச செயலகம் மூலம் பதிவு செய்திருந்தோம். குழுவில் ஒருவரின் மகள் கொழும்பில் கணினி படித்தவள். அவளே இணையத்தளத்தை அமைத்துத் தர முன்வந்தாள். தீபாவளிக்கு முன் ஆரம்பித்துவிடலாம் என்று எல்லோருக்கும் ஆசை.

அந்தக் கூட்டத்தில்தான் வன்னியிலிருந்து வந்த அக்கா ஒருவர் கேட்டார். "சல்லி வாறது சரி தங்கச்சி. சாமான் பிடிக்கல்லைன்னு ஆள் திருப்பி அனுப்பினா, வாங்கின சல்லிய எப்படிக் கொடுப்பீங்க? அதுல எவ்வளவு பிடிப்பாங்க?"

அவர் இப்படிக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2009இல் இடம்பெயர்ந்து ஓடியபோது வங்கிப் புத்தகமும் நகை அடகு வைத்த பற்றுச்சீட்டும் இருந்த பையை அவர் விட்டுவிட்டு வந்தவர். கொடுத்த காசு திரும்பி வராமல் போவது என்றால் என்ன என்பது அவருக்குத் தெரியும். தன் கையால் இன்னொருத்திக்கு அப்படி நடந்துவிடக்கூடாது என்பதுதான் அவருடைய கவலை. அங்கிருந்த யாருக்கும் பதில் தெரியவில்லை. ஆகவே, பதில் தெரியும் வரை விற்பனையை ஆரம்பிப்பதில்லை என்று முடிவு செய்தோம். ஆறு கிழமைகள் சோதித்துப் பார்த்தோம்.

முதலில் காசு எந்த வழியாக வருகிறது என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும். வாங்குபவர் தன் அட்டை இலக்கத்தை எங்கள் இணையத்தளத்தில் கொடுக்கிறார். அந்தத் தகவல் கொடுப்பனவு நுழைவாயில் எனப்படும் நிறுவனத்துக்குப் போகிறது. அங்கிருந்து விசா, மாஸ்டர்கார்ட் போன்ற அட்டை வலையமைப்பு வழியாக அவருடைய வங்கிக்குப் போகிறது. வங்கி அவருடைய கையடக்கத் தொலைபேசிக்கு ஒரு தடவை மட்டும் பாவிக்கும் இரகசிய இலக்கத்தை அனுப்புகிறது. அதை அவர் கொடுத்ததும் வங்கி சம்மதிக்கிறது. சில நாட்கள் கழித்துக் காசு எங்கள் கணக்குக்கு வந்து சேர்கிறது. நடுவில் நிற்கும் ஒவ்வொருவரும் தத்தமது பங்கை எடுத்துக்கொள்கிறார்கள். அது எல்லாம் சேர்ந்துதான் நமக்குக் கழிக்கப்படும் கட்டணம். நம் நாட்டில் இந்த முறைமைகளை மத்திய வங்கி மேற்பார்வை செய்கிறது. 2005ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் அதற்கு அடிப்படை.

கழிவு என்ற சொல் தோட்டத்துப் பெண்களுக்குப் புதிதல்ல. கொழுந்து நிறுக்கும் இடத்தில் சாக்குக்கு, ஈரத்துக்கு என்று கிலோக் கணக்கில் கழிப்பதை அம்மா காலத்திலிருந்து பார்த்து வருகிறோம். எத்தனை கிலோ கழியும் என்பதை நிறுப்பதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொண்டால்தான் உண்டு. பிறகு கேட்டால் பதில் கிடைக்காது. இணையத்துக் கட்டணமும் அப்படித்தான் என்று சொன்னபோது, அட்டையே பாவித்திராத பெண்களுக்கும் உடனே விளங்கியது.

சோதனையை மூன்று கட்டமாகச் செய்தோம்.

முதலாம் கட்டத்தில் உண்மையான காசு இல்லை. பெரும்பாலான நுழைவாயில் நிறுவனங்கள் சோதனைக் களம் ஒன்றைத் தனியாக வைத்திருக்கின்றன. ஆங்கிலத்தில் அதைச் சாண்ட்பொக்ஸ் என்கிறார்கள். பிள்ளைகள் விளையாடும் மணல்பெட்டி என்று பொருள். அங்கே எதைக் கொட்டினாலும் யாருக்கும் நட்டமில்லை. இலங்கையில் இயங்கும் பேஹியர் நிறுவனத்துக்கும் அப்படி ஒரு களம் உண்டு. சோதனைக்கென்றே பொய்யான அட்டை இலக்கங்களையும் வெளியிடுகிறார்கள். அமெரிக்காவின் ஸ்ட்ரைப் நிறுவனத்தின் சோதனை அட்டை இலக்கம் 4242 என்பதை நான்கு முறை எழுதுவது. உலகெங்கும் இணையத்தளம் அமைப்பவர்களுக்கு அது மனப்பாடம். வெற்றி பெறும் அட்டைகள் மட்டுமல்ல, வேண்டுமென்றே தோல்வியடையும் அட்டைகளும் உண்டு. மீதி போதாது, வங்கி மறுத்துவிட்டது, இணைப்பு அறுந்துவிட்டது என்று ஒவ்வொரு குறைக்கும் ஓர் இலக்கம்.

நல்ல அட்டையைப் போட்டு 'வெற்றி' என்று வந்ததும் கைதட்டிவிட்டு எழும்பிவிடக்கூடாது. தோல்விகளைச் சோதிப்பதுதான் இந்தக் கட்டத்தின் முக்கிய வேலை. நாங்கள் ஒவ்வொருவராகத் தொலைபேசியை வாங்கிக் குழப்பிப் பார்த்தோம். பொத்தானை இரண்டு முறை அமத்தினால் இரண்டு ஓடர் விழுகிறதா? காசு கட்டும்போது சமிக்ஞை போய்விட்டால் என்ன நடக்கிறது? மழைக்காலத்தில் எங்கள் பக்கம் சமிக்ஞை விட்டு விட்டு வரும் என்பதால், நடுவில் தொலைபேசியை அணைத்தே பார்த்தோம். தந்தையின் பெயரை முன்னெழுத்தாக மட்டும் எழுதும் நம் பெயர்களை அந்தப் பக்கம் ஏற்கிறதா? திரும்பி வரும் பொதி எந்த முகவரிக்கு வரும்? பல தோட்டங்களில் லயத்து வீடுகளுக்குத் தனி முகவரி இல்லாததால், கொட்டகலை நகரில் உள்ள ஒரு கடையின் முகவரியை அனுமதி பெற்றுப் போட்டோம். இவை எல்லாம் காசு செலவில்லாமல் தெரிந்துகொண்டவை.

ஆனால் மணல்பெட்டியில் தெரியாத விடயங்களும் இருக்கின்றன. அங்கே உண்மையான வங்கி இல்லை. கட்டணம் நிஜமாகக் கழிவதில்லை. எத்தனை நாளில் காசு கணக்குக்கு வரும் என்பதும் தெரியாது. இணையத்தளம் சரியாக ஓடுகிறதா என்பதை மட்டும் அது காட்டும். நமக்கு எவ்வளவு மிஞ்சும் என்பதைக் காட்டாது.

ஆகவே இரண்டாம் கட்டத்தில் உண்மையான காசு தேவைப்பட்டது. இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். நம் அட்டையால் நம் கணக்குக்கே காசு கட்டிப் பார்ப்பதைச் சில நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. உண்மை அட்டையால் சோதனை செய்யக்கூடாது என்று ஸ்ட்ரைப் தன் ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கிறது. எனவே நாங்கள் எங்கள் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, உண்மையான விற்பனையாகவே செய்தோம். ஹட்டனில் உள்ள தெரிந்த ஆசிரியை ஒருவர் ஒரு தொப்பியை வாங்கினார். பொதியும் அனுப்பினோம். காசு கணக்குக்கு வந்த நாளையும் தொகையையும் கொப்பியில் எழுதினேன். ஒரு கிழமை கழித்து அவர் அதைத் திருப்பி அனுப்பினார். காசைத் திருப்பிக் கொடுப்பதுதான் மூன்றாம் கட்டம்.

இந்தக் கணக்கை விளக்கமாகச் சொல்கிறேன். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். விளங்குவதற்காக 3 வீதம் என்றும், ஒரு தடவை காசு திருப்பிக் கொடுக்க 50 ரூபாய் என்றும் வைத்துக்கொள்வோம். கூரியர் செலவு ஒரு முறைக்கு 400 ரூபாய்.

தொப்பியின் விலை 1,500 ரூபாய். கூரியருடன் சேர்த்து வாங்குபவர் 1,900 ரூபாய் கட்டுகிறார். 3 வீதம் என்பது 1,500க்கு அல்ல, 1,900க்குக் கழியும். அதாவது 57 ரூபாய். கூரியர்காரருக்குப் போகும் காசிலிருந்தும் நமக்குத்தான் கழிகிறது. இது பலர் கவனிக்காத இடம். கம்பளிக்கு 650, பொதி செய்ய 50 போனால், பின்னிய பெண்ணுக்கு மிஞ்சுவது 743 ரூபாய். ஒன்றரை நாள் வேலை. 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் அப்போது 1,350 ரூபாயாக இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்.

இப்போது அந்தத் தொப்பி நம் குறையால் திரும்பி வருகிறது. வாங்கியவருக்கு 1,900 ரூபாயும் முழுதாகப் போக வேண்டும். முதலில் கழித்த 57 ரூபாய் நமக்குத் திரும்பி வராது. திருப்பிக் கொடுக்கும் கட்டணம் 50. போகக் கூரியர் 400, வரக் கூரியர் 400. மொத்தம் 907 ரூபாய். தொப்பி கையில் இருக்கிறது, மறுபடியும் விற்கலாம் என்பது உண்மைதான். ஆனால் போன 907 ரூபாய் அதைப் பின்னிய பெண்ணின் கூலியை விட அதிகம்.

முதலில் கழித்த கட்டணம் திரும்பி வராது என்பது இங்கே மட்டும் உள்ள வழக்கமல்ல. பேபால் நிறுவனம் 2019இல் அந்த நடைமுறைக்கு மாறியது. விற்றவர் காசைத் திருப்பிக் கொடுத்தாலும், விற்பனையின்போது எடுத்த கட்டணத்தைத் தானே வைத்துக்கொள்கிறது. ஸ்ட்ரைப் நிறுவனத்தின் நடைமுறையும் அதுவே. ஒப்பந்தத்தின் சிறிய எழுத்தில் இது இருக்கும். கையெழுத்து வைப்பதற்கு முன் ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். நுண்கடன் எடுத்த நம் பெண்களுக்குச் சிறிய எழுத்தின் விலை என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை.

வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்கு விற்பவர்கள் இன்னொன்றையும் சோதிக்க வேண்டும். ரூபாயில் விற்றால் ரூபாயில்தான் திருப்பிக் கொடுப்போம். ஆனால் அவருடைய வங்கி, திருப்பிக் கொடுக்கும் நாளின் நாணய மாற்று விலையில் கணக்குப் பார்க்கும். 2022ஆம் ஆண்டு மார்ச் தொடக்கத்தில் டொலர் ஒன்று ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாய் வரை போனது. மார்ச்சில் 10,000 ரூபாய்க்குப் பொருள் வாங்கியவர் கட்டியது சுமார் 50 டொலர். மே மாதத்தில் அதே 10,000 ரூபாயைத் திருப்பிக் கொடுத்திருந்தால் அவர் கைக்குப் போவது 28 டொலருக்கும் குறைவு. நாம் ஒரு சதமும் எடுக்கவில்லை. அவரோ நாம் ஏமாற்றிவிட்டோம் என்று நினைப்பார். இதை விற்கும்போதே எழுதிவைப்பது நல்லது.

காசு திரும்பிப் போய்ச் சேரும் காலத்தையும் பார்க்க வேண்டும். நாம் பொத்தானை அமத்தியதும் அவர் கணக்குக்குப் போய்விடுவதில்லை. அட்டைக்குத் திரும்பிச் சேர ஐந்து முதல் பத்து வேலை நாட்கள் ஆகலாம். அந்த நாட்களில் அவர் தொலைபேசி எடுத்துக்கொண்டே இருப்பார். மீளளிப்பு இலக்கத்தையும் திகதியையும் எழுதி, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழிகளிலும் ஒரு குறுஞ்செய்தியை முன்கூட்டியே தயாரித்து வைத்தோம்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் கடினமான கேள்வி வந்தது. இந்த 907 ரூபாயை யார் பொறுப்பது?

கூட்டத்தில் இரண்டு கருத்துகள் இருந்தன. திரும்பி வந்த பொருளைப் பின்னியவரே பொறுக்க வேண்டும், அப்போதுதான் எல்லோரும் கவனமாகப் பின்னுவார்கள் என்று சிலர் சொன்னார்கள். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் பெரியம்மா ஒருவர் எழுந்து, "தராசுல கழியிறதெல்லாம் பறிச்சவ தலையிலதான் விழும். அதையே நாமளும் செய்யணுமா?" என்று கேட்டார். வன்னி அக்காவும் அதையே வேறு விதமாகச் சொன்னார். தனியாக ஒருத்தி நட்டப்பட்டால் அவள் மறுபடி எழும்பமாட்டாள், பதினான்கு பேரும் பகிர்ந்தால் யாருக்கும் தெரியாது என்றார்.

கடைசியில் எல்லோரும் ஒத்துக்கொண்டது இதுதான். இருபது பொருட்களில் ஒன்று திரும்பி வரும் என்று வைத்தால், 907ஐ இருபதால் பிரிக்க ஒரு பொருளுக்கு 45 ரூபாய் சொச்சம். ஆகவே ஒவ்வொரு விற்பனையிலும் 50 ரூபாயைத் தனியாக எடுத்துவைப்பது. அதற்கு 'திரும்பல் உண்டியல்' என்று பெயர் வைத்தோம். பொருளின் விலையை அதற்கேற்றபடி 50 ரூபாய் கூட்டினோம். நம் குறையால் திரும்பி வந்தால் எல்லாச் செலவும் உண்டியலிலிருந்து போகும். வாங்கியவர் மனம் மாறித் திருப்பி அனுப்பினால், கூரியர் செலவு அவருடையது. பொருளின் விலை மட்டும் திரும்பிப் போகும். இந்த நிபந்தனையைக் காசு கட்டும் பொத்தானுக்கு மேலேயே மூன்று மொழிகளிலும் எழுதினோம். கூலியில் பாதியைப் பொதி அனுப்பிய அன்றும், மீதியைப் பதினான்கு நாட்கள் கழித்தும் கொடுப்பது என்றும் முடிவானது. அன்றாடம் காசு தேவைப்படும் பெண்களுக்கு இது சிரமம்தான். ஆனால் கொடுத்த கூலியைத் திருப்பிக் கேட்பது அதைவிடச் சிரமம்.

2024 தீபாவளிக்குச் சில நாட்களுக்கு முன் விற்பனையை ஆரம்பித்தோம். ஓராண்டு வரை உண்டியலுக்குப் பெரிய வேலை இருக்கவில்லை. பிறகு 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. மலையகம் பட்ட துன்பத்தை வாசகிகள் அறிவார்கள். மண்சரிவால் பாதைகள் மூடப்பட்டன. மலையகப் புகையிரதமும் ஓடவில்லை. அப்போது நத்தாருக்காகக் காசு கட்டப்பட்ட பதினொரு ஓடர்கள் எங்கள் கையில் இருந்தன. கூரியர் வரமுடியாது. சில நாட்கள் மின்சாரமும் இல்லை.

சோதனைக் காலத்தில், விற்பனையை ஒரே பொத்தானில் நிறுத்திவைக்க முடியுமா என்பதையும் பார்த்திருந்தோம். கொழும்பிலிருந்த பிள்ளை அன்றே அதை நிறுத்தினாள். புதிதாக யாரும் காசு கட்டவில்லை. பதினொரு பேருக்கும் 'காத்திருக்கிறீர்களா, காசைத் திருப்பி அனுப்பட்டுமா' என்று செய்தி போனது. ஏழு பேர் காத்திருந்தார்கள். நான்கு பேர் திருப்பிக் கேட்டார்கள். நால்வருக்கும் காசு முழுதாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கான கட்டணம் உண்டியலிலிருந்து போனது. வீட்டுச் சுவர் இடிந்து பாடசாலையில் தங்கியிருந்த பெண்களின் கூலியில் நாங்கள் கை வைக்கவில்லை. திருப்பிக் கேட்ட நால்வரில் இருவர் தை மாதம் மறுபடியும் ஓடர் கொடுத்தார்கள்.

சிறிய குழு ஒன்றுக்கு இவ்வளவு சோதனை தேவையா என்று சிலர் கேட்கலாம். பெரிய நிறுவனங்களே போதிய சோதனையின்றி ஆரம்பித்துப் பட்ட பாடு உண்டு. பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் கணக்குகளைப் புதிய கணினி முறைமைக்கு மாற்றியது. இரண்டு தரவு நிலையங்களில் ஒன்றை மட்டுமே முறையாகச் சோதித்திருந்தார்கள் என்பது பின்னர் நடந்த விசாரணையில் தெரியவந்தது. 19 இலட்சம் வரையான வாடிக்கையாளர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கமுடியாமல் திண்டாடினார்கள். 2022 டிசெம்பரில் அந்த வங்கிக்கு 4 கோடி 86 இலட்சம் பவுணுக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டது.

அதே நாட்டில் இன்னொரு கதை, பெண்களாகிய நாம் மறக்கக்கூடாதது. அங்கே அஞ்சல் துறை 1999இலிருந்து பாவித்த ஹொரைசன் என்ற கணினிக் கணக்கு முறைமை, இல்லாத பற்றாக்குறைகளைக் காட்டியது. இயந்திரம் சொன்னதை நம்பி, சிறிய அஞ்சலகங்களை நடத்திய 900க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். அவர்களில் சீமா மிஸ்ரா என்ற இந்திய வம்சாவளிப் பெண்ணும் ஒருவர். 2010 நவம்பரில், கர்ப்பிணியாக இருந்தபோது, மூத்த மகனின் பத்தாவது பிறந்தநாளன்று சிறைக்கு அனுப்பப்பட்டார். அவர் குற்றமற்றவர் என்று நீதிமன்றம் சொல்ல 2021 ஏப்ரல் வரை ஆனது. கணினி சொல்லும் கணக்குக்குப் பக்கத்தில் நம் கையெழுத்துக் கொப்பியும் இருக்க வேண்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான். ஒவ்வொரு கிழமையும் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கிறோம். அந்த வேலையைப் பேனை பிடிக்கத் தெரிந்த எந்தப் பெண்ணும் செய்யலாம்.

இன்னும் சில விடயங்களைச் சொல்லவேண்டும்.

காசு எந்த வழியாக வந்ததோ அந்த வழியாகவே திருப்பிக் கொடுங்கள். அட்டையில் கட்டியவர் நேரில் வந்து கேட்டாலும் கையில் காசு கொடுக்க வேண்டாம். கையில் வாங்கிக்கொண்டு, பொருள் வரவில்லை என்று வங்கியிலும் முறைப்பாடு செய்தால் இரண்டு முறை கொடுக்க நேரும். நகரில் கடை போட்டு லங்காகியூஆர் மூலம் காசு வாங்குபவர்களுக்கும் இது பொருந்தும். 2024 பெப்ரவரி 12 முதல் இந்தியப் பயணிகள் தங்கள் யூபிஐ மூலம் இலங்கையில் கட்ட முடிகிறது. நுவரெலியாப் பக்கம் அவர்கள் நிறைய வருகிறார்கள். அப்படி வந்த காசைத் திருப்பிக் கொடுக்கும் முறையை உங்கள் வங்கியிடம் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

காசு வந்துவிட்டது என்று வாங்குபவர் அனுப்பும் படத்தை நம்பாதீர்கள். கணக்கு மீதியைப் பாருங்கள். 'உங்களுக்குக் காசு திருப்பித் தருகிறோம், தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தைச் சொல்லுங்கள்' என்று யாராவது பேசினால் உடனே தொடர்பைத் துண்டியுங்கள். காசைப் பெறுவதற்கு இரகசிய இலக்கம் ஒருபோதும் தேவையில்லை. இதை வீட்டில் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

வாங்குபவரின் கணக்கில் காசு கழிந்து நமக்கு வராமல் போனால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். இந்தியாவில் ரிசர்வ் வங்கி 2019 செப்டெம்பரில் இதற்கு ஒரு விதி செய்தது. அப்படிக் கழிந்த காசு ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்பிப் போக வேண்டும். தவறினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும். நம் நாட்டில் முதலில் வங்கியிடம் எழுத்தில் முறையிட வேண்டும். தீராவிட்டால் இலங்கை மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதலாம். எழுதும்போது திகதி, தொகை, இலக்கம் மூன்றும் கொப்பியில் இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

இணையத்தில் விற்பனை ஆரம்பிக்க நினைக்கும் சகோதரிகள், நுழைவாயில் நிறுவனத்திடம் ஐந்து கேள்விகளை எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் வாங்குங்கள். ஒரு விற்பனைக்கு எவ்வளவு கழியும்? காசு எத்தனை நாளில் கணக்குக்கு வரும்? திருப்பிக் கொடுத்தால் முதலில் கழித்தது திரும்பி வருமா? திருப்பிக் கொடுப்பதற்குத் தனிக் கட்டணம் உண்டா? இரண்டு பொருளில் ஒன்றை மட்டும் திருப்பினால் பாதிக் காசைக் கொடுக்க வழி இருக்கிறதா? பதில் கிடைத்ததும் ஒரு பொருளை உண்மையாக விற்று, உண்மையாகத் திருப்பி வாங்கிப் பாருங்கள். எங்களுக்கு அதில் செலவான தொகை ஆயிரம் ரூபாய்க்குள்தான். பிறகு கூட்டம் போட்டு, அந்த நட்டத்தை யார் பொறுப்பது என்பதை எல்லோரும் சேர்ந்து முடிவெடுங்கள். அதைக் கொப்பியில் எழுதி எல்லோரும் கையெழுத்து வையுங்கள். கையெழுத்து வைக்கத் தெரியாதவர் இருந்தால் கணக்கை அவருக்கு வாசித்துக் காட்டிவிட்டுப் பெருவிரல் அடையாளம் வாங்குங்கள்.